களைதலும் ஒரு கலை

பூசிக்கொள்வதைப் பற்றி மனிதர் பேசியது அதிகம். பூசியதைக் களைவதைப் பற்றிப் பேசியது மிகக் குறைவு. மையும் மருதோன்றியும், சாந்தும் சந்தனமும், செம்பஞ்சுக் குழம்பும் பன்னீரும் புலவர் வாக்கிற் பெருமையுடன் இடம்பெற்றன. இரவு வந்ததும் அவை எவ்வாறு அகற்றப்பட்டன என்பதை அவர்கள் அத்துணை பொருட்படுத்தவில்லை. திருமண வீட்டிற் பந்தலிடுவோருக்குக் கிடைக்கும் புகழ், மறுநாட் காலையில் அதனைப் பிரிப்போருக்குக் கிடைப்பதில்லை. ஆயினும், பந்தலைப் பிரிக்கத் தெரியாதவன் வீட்டுக் கூரையையும் சேர்த்துப் பெயர்த்துவிடுவான். முக ஒப்பனையும் அத்தகையதே. அதனை இடுவதற்கு வேண்டிய திறமை ஒன்று. முகத்துக்கு ஊறு நேராமல் அதனை எடுப்பதற்கு வேண்டிய திறமை மற்றொன்று. இவ்விரண்டாவது திறமையே ஈண்டு எடுத்துக்கொள்ளப்படும் பொருளாகும்.

கல்முனைக் கரையிலே இப்பொருளுக்குத் தனியானதொரு முக்கியத்துவம் உண்டு. வடக்கே மருதமுனை தொடக்கம் தெற்கே அக்கரைப்பற்று வரை, கிழக்கிற் கடலும் மேற்கில் வயலுமாக நீண்டு கிடக்கும் ஒடுங்கிய நிலப்பரப்பில், தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம் மக்களின் ஊர்கள், காரைதீவு, பாண்டிருப்பு முதலிய தமிழ்க் கிராமங்களுடன் அடுத்தடுத்து அமைந்துள்ளன. இங்கு வெயிலும் உப்புக் காற்றும் முகத்தைச் சும்மா விடுவதில்லை. நடு ஆண்டிலே மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று, தோலின் ஈரத்தை உறிஞ்சி உதட்டை வெடிக்கச் செய்யும். ஆண்டிறுதியில் வாடையுடன் மாரி வரும்வரை வியர்வையும் புழுதியும் நீங்கா. அன்றியும், இவ்வூர்களில் முகம் என்பது நாள்தோறும் பலமுறை நீர் காண்பது. ஐவேளைத் தொழுகைக்கு முன்னும் வுழூச் செய்வோர், முகத்தைக் கழுவியே ஆகவேண்டும். எனவே, முகத்தில் எது தங்கியிருக்கலாம், எது தங்கியிருத்தல் ஆகாது என்ற கேள்வி, இங்கே அழகு பற்றிய கேள்வி மாத்திரமன்று. அன்றாட ஒழுக்கம் பற்றிய கேள்வியும் ஆகும்.

அவ்வூர்களின் வழக்கப்படி, மணமகனே மணமகள் வீட்டுக்கு வருவான். வீடும் வளவும் பெரும்பாலும் பெண்ணுக்கே சீதனமாகும். முற்காலத்தில் மணமகளை அலங்கரித்தவர்கள், அவ்வீட்டைச் சேர்ந்த மூத்த பெண்களே. மருதோன்றி அரைத்துக் கையிலிடுவர். கண்ணுக்குச் சுறுமா எழுதுவர். தலைக்குத் தேங்காயெண்ணெயும் உடலுக்குப் பயற்றம்மாவும் பூசிக் குளிக்க வார்ப்பர். 1970களின் பிற்பகுதியிலிருந்து மத்திய கிழக்குக்குத் தொழில் தேடிச் சென்றோர் திரும்பிவந்தபோது, அவர்களது பெட்டிகளில் அத்தரும் முகப்பூச்சும் உதட்டுச் சாயமும் வந்து சேர்ந்தன. காலப்போக்கில், மணமகளை அலங்கரிப்பது தனித் தொழிலாயிற்று. இன்று பிரதான வீதியிலும் ஒழுங்கைகளிலும் திரைச்சீலை தொங்கும் அழகுக்கலை நிலையங்களைக் காணலாம். அங்கு மணமகளின் முகத்தில் ஏறும் பூச்சுக்கள் பல அடுக்குகளைக் கொண்டவை. வியர்வைக்கும் கண்ணீருக்கும் கரையாதிருக்கும் வண்ணம், மெழுகும் எண்ணெயும் சிலிக்கோனும் சேர்த்து அவை ஆக்கப்படுகின்றன. கண்ணீருக்குக் கரையாதது, வெறும் நீருக்கும் கரையாது. சங்கடம் அங்கேதான் தொடங்குகிறது.

கல்முனைக்குடியிலே, தன் வீட்டு முன்னறையையே அழகுக்கலை நிலையமாக்கிக்கொண்ட பெண்ணொருவர் உளர். வயது வேறுபாடின்றிப் பெண்கள் எல்லோரும் அவரை ராத்தா என்றே அழைப்பர். இத்தொழிலில் ஈடுபடும் பலர், புகைப்படங்கள் எடுத்து முடிந்ததும் தம் பெட்டியை மூடிக்கொண்டு புறப்பட்டுவிடுவர். ராத்தாவின் வழக்கம் வேறு. இட்டவர்தான் எடுக்கவேண்டும் என்பது அவருடைய கொள்கை. மாப்பிள்ளை வீட்டார் சென்று, விருந்தினர் கலைந்து, சஹன்கள் கழுவி அடுக்கப்படும் வரை அவர் காத்திருப்பார்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு திருமண இரவில் அவர் சற்றுச் சுணங்கி உள்ளறைக்குச் சென்றபோது, மணமகள் தண்ணீர் வாளியின் முன் குனிந்து, சவர்க்காரத்தால் முகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இஷாத் தொழுகையை இன்னும் அவள் தொழவில்லை. அந்த அவசரம் அவளுக்கு. கண்மை கரைந்து கன்னம் முழுதும் பரவியிருந்தது. இமைகள் சிவந்து வீங்கியிருந்தன. வாசற்படியிலே நின்ற அவளுடைய உம்மம்மா சொன்னார்: “மெல்லமா எடு புள்ள. அது அடிப்புடிச்ச சட்டியில்ல, மொகம்.”

ராத்தா அவளை நாற்காலியில் இருத்தித் தம் பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்தார். அதனுள்ளிருந்தது தெளிந்த நீர் போலவே தோன்றியது. பஞ்சை அதில் நனைத்து, மூடிய இமைமீது வைத்து, தேய்க்காமல் சிறிது நேரம் அழுத்திப் பிடித்தார். பின்பு மெல்லக் கீழ்நோக்கி இழுத்தபோது, கருமை முழுதும் பஞ்சோடு வந்தது. உம்மம்மா போத்தலை வாங்கி முகர்ந்து பார்த்தார். “இதென்ன தண்ணி? மணமுமில்ல, நுரையுமில்ல” என்றார். ராத்தா அதனைச் சிறிது குலுக்கிக் காட்டினார். மேலே மெல்லிய நுரை படர்ந்து அடங்கியது. உம்மம்மாவின் முகம் தெளிந்தது. “ஓ, நகை கழுவுற பூவந்தித் தண்ணி மாதிரி. அதுக்கும் தேய்க்கத் தேவல்ல, ஊறப் போட்டாப் போதும்.”

ஏட்டுக் கல்வி அதிகம் பெறாத அம்மூதாட்டியின் ஒப்புவமை, இரசாயனவியலின்படி முற்றிலும் பொருத்தமானது. அப்போத்தலின் மேலிருந்த பெயர் ‘மைசெல்லர் வோட்டர்’ என்பது. மைசெல் என்ற சொல், சிறு துணுக்கு எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்தது. அறிவியலைத் தமிழிற் சொல்லக் கலைச்சொல்லாக்கப் பணியில் ஈடுபட்ட விபுலாநந்த அடிகள் (1892–1947) பிறந்த காரைதீவு, அவ்வீட்டிலிருந்து அதிக தூரத்தில் இல்லை. அவர் வழி நின்று நோக்கினால், மைசெல் நீர் என்றே இதனை அழைக்கலாம்.

எண்ணெயும் நீரும் ஒன்றோடொன்று சேரா. முகத்துப் பூச்சோ பெரும்பாலும் எண்ணெய்த் தன்மையானது. இரண்டையும் இணைக்க ஓர் இடையாள் தேவை. அவ்விடையாளாக அமையும் மூலக்கூறு, இரு வேறு இயல்புகளைக் கொண்டது: அதன் தலை நீரை நாடும், அதன் வால் நீரை வெறுத்து எண்ணெயை நாடும். இத்தகைய மூலக்கூறுகள் ஒரு குறித்த செறிவுக்கு மேல் நீரிற் சேரும்போது, வால்கள் உள்ளேயும் தலைகள் வெளியேயும் இருக்கத்தக்கதாகச் சிறு உருண்டைகளாகக் கூடிக்கொள்கின்றன. கல்யாண வீட்டிலே ஒரு சஹனைச் சூழ்ந்திருப்போரின் கைகள் உள்நோக்கியும் முதுகுகள் வெளிநோக்கியும் இருக்குமன்றோ? அது போன்றதே இவ்வமைப்பும். நடுவிலிருக்கும் சோற்றின் இடத்தில், முகத்திலிருந்து வந்த எண்ணெயும் மையும் அடைபடுகின்றன. சூழ்ந்திருப்போரின் முதுகுகள் நீரைப் பார்த்திருப்பதால், உள்ளே இருப்பதை நீர் அறிவதில்லை; முழுவதையும் ஏற்றுக்கொள்கிறது. சவர்க்காரக் கரைசலில் இவ்வாறான கூட்டங்கள் உண்டென்பதை, பிறிஸ்ரல் நகரில் ஆராய்ச்சி செய்த மக்பெயின் 1913இல் எடுத்துரைத்தார். அவை உருண்டை வடிவின என்ற விளக்கத்தை ஹாட்லி 1936இல் வழங்கினார். அவ்வுருண்டை ஒவ்வொன்றின் விட்டமும் ஒரு மில்லிமீற்றரை 10 இலட்சம் பங்காக்கி, அவற்றுட் சில பங்குகளை எடுத்த அளவே ஆகும். ஆகையால் அவை கண்ணுக்குப் புலப்படா. நீர் தெளிந்தே தோன்றும்.

பூவந்திக் கொட்டையிலும் சீயக்காயிலும் சப்போனின் எனப்படும் பொருள் உண்டு. அதன் மூலக்கூறும் இவ்வாறே இரட்டை இயல்புடையது. நீரில் மைசெல் ஆக்க வல்லது. உம்மம்மா தம் இளமையில் தாலியையும் காப்பையும் ஊறவைத்த கிண்ணத்திலே நிகழ்ந்ததும், ராத்தாவின் பஞ்சிலே நிகழ்ந்ததும் அடிப்படையில் ஒன்றே. 1990களில் பிரான்சின் பயோடெர்மா நிறுவனம், உணர்திறன் மிக்க தோலுக்கென மைசெல் நீரைச் சந்தைக்குக் கொணர்ந்தது; பின்னர்ப் பல நிறுவனங்களும் அதனைப் பின்பற்றின. உலகம் அதனைப் புதுமையெனக் கொண்டாடியதிற் தவறில்லை. எனினும், அப்புதுமையின் மூதாதை கிழக்கிலங்கையின் குசினி அலுமாரியிலும் இருந்ததென்பது மனங்கொள்ளத்தக்கது. வேறுபாடு ஒன்றுண்டு. பூவந்தி நீர் கண்ணிற் பட்டாற் கடுமையாக எரியும். அதனை இமையருகே கொண்டு செல்லலாகாது. மைசெல் நீரில் இடப்படும் பொலொக்சமர் முதலியவை மென்மையானவை. அவற்றின் அளவும் மிகச் சிறிதே.

சவர்க்காரமும் மைசெல் ஆக்குவதுதானே, அதனால் ஏன் இயலாது என வினவலாம். விடை, ஓரளவுக்குக் கிணற்றில் இருக்கிறது. கடலோர மணலின் கீழே மழைநீர் ஒரு மெல்லிய படையாக, உப்பு நீரின்மேல் மிதந்து நிற்கிறது. அதிகம் இறைத்தாலும் மழை பொய்த்தாலும், நீர் சவர் பற்றும். சவர் நீர் வன்னீராகும். அதிலுள்ள கல்சியமும் மகனீசியமும் சவர்க்காரத்துடன் கூடி, நீரிற் கரையாத வெண்கசடாகப் படிகின்றன. கடலிற் குளித்தவர், அங்கே சவர்க்காரம் நுரைப்பதில்லை என்பதை அறிவர். 2004 டிசம்பர் 26ஆம் திகதி இலங்கையிலேயே மிகக் கூடிய உயிரிழப்பை அம்பாறை மாவட்டம் கண்டது. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கரையோரக் கிணறுகளுள்ளும் அன்று கடல் புகுந்தது. எஞ்சியோர் உப்பு நீரிற் குளித்து, உப்பு நீரில் துணி துவைத்த அந்த மாதங்களை, முகம் கழுவும்போதெல்லாம் நினைவுகூரும் பெண்கள் இன்றும் உளர். பொலொக்சமர் போன்றவற்றுக்கு மின்னேற்றம் இல்லாமையால், கல்சியத்துடன் அவை கசடாவதில்லை. இதுவே மைசெல் நீரின் முதற் சிறப்பு. தோலின் மேற்பரப்பு இயல்பாகச் சிறிது அமிலத்தன்மையானது; சாதாரண சவர்க்காரமோ காரத்தன்மையானது. அடிக்கடி அதனைப் போட்டுத் தேய்த்தால், தோலின் காப்புப் படை குலைந்து வறளும். மைசெல் நீர் பெரும்பாலும் தோலின் இயல்பை ஒட்டியே ஆக்கப்படுவது இரண்டாவது சிறப்பு.

இனி, வுழூப் பற்றிய செய்திக்கு வருவோர் ஒரு நுட்பத்தைக் காண்பர். முகத்தைக் கழுவுமாறும், கைகளை முழங்கை வரை கழுவுமாறும் திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயத்து ஆறாம் வசனம் பணிக்கிறது. தோலுக்கு நீர் சேர்வதைத் தடுக்கும் படை எதுவாயினும் அது நீக்கப்படல் வேண்டும் என்பது மார்க்க அறிஞர் கொள்கை. மருதோன்றியின் சிவப்பு வெறும் நிறமே, அது தடையன்று. நகப்பூச்சோ ஒரு படை. ஆதலால் அது தடை. நீரிற் கரையாத மையும் அடிப்பூச்சும் இவ்விரண்டாவது வகையைச் சார்ந்தன. ஆகவேதான், அம்மணமகள் அத்துணை அவசரத்துடன் தேய்த்தாள். ஆனால், மைசெல் நீரே வுழூவுக்கான நீராகிவிடாது. இக்கரை மக்கள் பின்பற்றும் ஷாபிஈ வழியின்படி, வுழூவுக்குரியது பிற பொருள் கலந்து தன் பெயர் மாறாத தனி நீர். பன்னீருங்கூட அதற்கு ஆகாது. எனவே, மைசெல் நீரின் இடம் அதற்கு முன்னே உள்ளது: வழியைச் செப்பனிட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வதே அதன் கடமை. பின்பு வருவது கிணற்று நீர்.

இந்த ஒழுங்கு தோலுக்கும் நன்மை பயப்பதே. பல போத்தல்களின்மேல் ‘கழுவத் தேவையில்லை’ என எழுதப்பட்டிருக்கிறது. ஆனால், தோலில் எஞ்சும் துப்புரவுப் பொருள் சிலருக்கு எரிச்சலையும் வறட்சியையும் தரலாம். பஞ்சு எடுக்காமல் விட்ட அழுக்கும் ஓரங்களில் நிற்கலாம். கழுவிவிடுவதால் எவ்வித நட்டமும் இல்லை. ராத்தா தம்மிடம் பழகவரும் இளம் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறை பின்வருமாறு: முதலிற் கைகளைக் கழுவுக. கண்ணில் வில்லை அணிந்திருந்தால் அதனைக் கழற்றுக. பஞ்சு சொட்டச் சொட்ட நனையவேண்டும். காய்ந்த பஞ்சு தோலை உரசும். கண், உதடு, பின்பு முகம் என்ற வரிசையில் செல்க. கண்ணுக்கு, இருபது எண்ணும்வரை அழுத்திப் பிடித்து, இமைமயிரின் போக்கிலே இழுக்குக. பஞ்சு வெண்மையாக வரும்வரை புதிய பஞ்சு மாற்றுக. அழுக்கேறிய பஞ்சையே புரட்டிப் புரட்டித் தேய்ப்பது அழுக்கை இடம் மாற்றுவதேயாகும். நெற்றியில் மயிர் தொடங்கும் இடம், காதின் முன்புறம், தாடையின் கீழ்ப்புறம் ஆகியவற்றை மறவாதிருக்குக. நீரை எதிர்க்கும் கடும் மை அசையாவிட்டால், முதலிற் சிறிது எண்ணெய் தொட்டு இளக்குக. எண்ணெயை எண்ணெய் இளக்கும். ஈற்றில் நல்ல நீரினாற் கழுவி, ஈரம் முற்றாகக் காயுமுன் ஈரங்காக்கும் பூச்சுச் சிறிது தடவுக. பஞ்சுக்குப் பதிலாக அவர் பெரும்பாலும் பயன்படுத்துவது, மருதமுனைக் கைத்தறிச் சாரங்கள் பழசாகியபின் வெட்டியெடுத்த துண்டுகளையே. பல ஆண்டு துவைப்பில் மென்மையடைந்த பருத்தியைப் போல முகத்துக்கு இதமானது பிறிதில்லை என்பது அவர் அனுபவம்.

2022ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி நெருக்கடியின்போது, அரசு 300 வகைப் பொருள்களின் இறக்குமதியை நிறுத்தியது. வாசனைத் திரவியமும் ஷாம்பூவும் அவற்றுள் அடங்கின. கடைகளிற் போத்தல்கள் அருகின. எஞ்சியவற்றின் விலை எட்டாத உயரம் சென்றது. அக்காலத்தில் ராத்தா தேங்காயெண்ணெயையும் பயற்றம்மாவையும் கொண்டே சமாளித்தார். எண்ணெய் மெழுகை இளக்கியது; மா அவ்வெண்ணெயை உறிஞ்சியது. பருவுள்ள முகங்களுக்கு மாத்திரம் அவர் தேங்காயெண்ணெயைத் தவிர்த்தார். துளைகளை அது அடைத்துவிடக்கூடும். களையும் கலை போத்தலில் இல்லை, பொறுமையில் இருக்கிறது என்பதை அந்த ஆண்டு தமக்குக் கற்பித்ததாக அவர் கூறுவதுண்டு.

அந்தப் பொறுமையாலும் தீர்க்க இயலாத ஒன்றை அவர் பின்னொரு நாளிற் கண்டார். திருமணத்துக்கு ஒரு மாதம் இருக்க, ஒரு தாய் தன் மகளை ஒத்திகை ஒப்பனைக்கு அழைத்துவந்தார். பெண்ணின் முகம் வெளுத்திருந்தது. காதும் கழுத்தும் கைகளும் தம் இயல்பான மாநிறத்தில் இருந்தன. வந்தபோதே பூசியிருந்த அடிப்பூச்சை ராத்தா மைசெல் நீரால் எடுத்தார். பஞ்சில் வந்தது பூச்சு. முகத்தில் நின்றது காயம். கன்னங்கள் சிவந்து, தோல் மெலிந்து, நுண்ணிய குருதி நாளங்கள் நூல் போலத் தெரிந்தன. கேட்டபோது, பெயரோ சேர்மானமோ எழுதப்படாத சிறு டப்பி ஒன்றைப் பெண் கைப்பையிலிருந்து எடுத்தாள். ஒரு வாரத்திற் சிவப்பாக்கும் என்று சொல்லி விற்கப்பட்ட களிம்பு அது.

பெண் பார்க்க வந்தவர்களுள் ஒருத்தி, “புள்ள நெறம் கொஞ்சம் கொறவுதான்” என்று சொல்லிப் போனாளாம். வீடும் வளவும் எழுதிக்கொடுத்தும், அந்த ஒரு சொல் அவ்வீட்டின் உறக்கத்தைக் கெடுத்தது. தாய்க்கும் அக்களிம்பின்மேல் ஐயம் இல்லாமலில்லை. “இன்னும் ஒரு மாசந்தானே ராத்தா, அதுக்குப் பொறகு நிப்பாட்டிருவம். இத மறைச்சுத் தாங்க” என்று அவர் கெஞ்சினார். ராத்தா பஞ்சைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “மறைச்சுத் தரலாம் மச்சி. எடுத்துத் தர ஏலா.”

அவ்விரு சொற்றொடர்களின் இடையிலே இருப்பதுதான் முழுப் பிரச்சினையும். வெளுப்பாக்கும் களிம்புகளுட் சிலவற்றிற் பாதரசம் கலக்கப்படுகிறது. தோலுக்கு நிறந்தரும் மெலனின் உருவாவதை அது தடுக்கிறது. ஆகவே முகம் வெளுக்கிறது. ஆனால், பாதரசம் தோலின்மேல் நிற்பதில்லை. உட்புகுந்து சிறுநீரகத்தையும் நரம்புகளையும் தாக்குகிறது. ஆவியாகி, பூசாத குழந்தையின் மூச்சிலும் சேர்கிறது. வேறு சில களிம்புகளில் மருத்துவர் கண்காணிப்பிலன்றிப் பூசலாகாத ஸ்டீரொயிட் இருக்கும். அது தோலை மெலியச் செய்யும். திடீரென நிறுத்தினாலும் முகம் கொதித்தெழும். பாதரச நஞ்சினால் 1956இல் உலகுக்குத் தெரியவந்த யப்பானிய ஊரின் பெயரால் அமைந்த மினமாட்டா உடன்படிக்கை, 2013இல் ஏற்கப்பட்டு 2017இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையும் அதில் இணைந்த நாடாகும். கிலோகிராமுக்கு ஒரு மில்லிகிராமுக்கு மேற் பாதரசம் கொண்ட அழகுப் பொருள்களை அது முதலில் விலக்கியது. 2023இல் கூடிய மாநாடு, பாதரசம் சேர்த்த அழகுப் பொருள் எதனையும் 2025க்குப் பின் ஆக்கலாகாது எனத் தீர்மானித்தது. எனினும், பெயரில்லாத டப்பிக்கு எந்த உடன்படிக்கையும் வாசிக்கத் தெரியாது.

தாய் நெடுநேரம் பேசாதிருந்தார். அடுத்த கிழமை, மகளைத் தோல் வைத்திய நிபுணரிடம் அழைத்துச் சென்றார். திருமணம் குறித்த நாளிலே நடந்தது. கன்னத்துச் சிவப்பு அதற்குள் முழுதும் ஆறிவிடவில்லை. ராத்தா மிகக் குறைந்த பூச்சுடனேயே அவளை அலங்கரித்தார். முகத்தின் நிறம் கையின் நிறத்தை நோக்கித் திரும்பத் தொடங்கியிருந்தது. வந்தோரிற் சிலர் அதனைப் பற்றியும் பேசியிருப்பர். அப்பேச்சைக் களைவதற்கு எந்தப் போத்தலிலும் நீர் இல்லை. அஃது ஊரார் தாமாகவே செய்துகொள்ளவேண்டிய துப்புரவு.

ஒப்பனை மருத்துவத்தின் உறவினள் என்பது புதிய கருத்தன்று. கி.பி. இரண்டாம் நூற்றாண்டு மருத்துவரான கலென், மெழுகும் எண்ணெயும் பன்னீரும் குழைத்த களிம்பைக் குறித்துவைத்தார் என்பர். முகப்பூச்சைக் களைய மேனாட்டுப் பெண்கள் நெடுங்காலம் பயன்படுத்திய குளிர்களிம்பின் மூலம் அதுவே. ஸ்பெயினிற் குர்துபா நகரை அடுத்து வாழ்ந்த அஸ்ஸஹ்ராவி, ஏறத்தாழக் கி.பி. 1000இல் நிறைவுசெய்த ‘அத்தஸ்ரீப்’ என்னும் முப்பது பாக மருத்துவ நூலில் ஒரு பாகத்தை அழகுப் பொருள்களுக்கே ஒதுக்கினார். சத்திர சிகிச்சையில் உலகப் புகழ் பெற்ற அம்மேதை, முகப்பூச்சையும் கூந்தற் சாயத்தையும் மருத்துவரின் கவனத்துக்குரியனவாகக் கொண்டமை பொருள் பொதிந்த செய்தி. உடலுக்கு இடப்படும் எதுவும் உடல் நலத்துக்குக் கணக்குச் சொல்லவேண்டும் என்பதே அதன் கருத்தாகும்.

இக்கரை மக்களின் வழக்கிலே அமானிதம் என்றொரு சொல் உண்டு. ஒருவர் நம்பி ஒப்படைத்ததை, கேட்கும்போது குறைவின்றித் திருப்பிக் கொடுக்கவேண்டிய பொருளை அது குறிக்கும். உடலும் இறைவன் தந்த அமானிதமே என்பர். அமானிதமாக வந்த சேலையை உடுத்து மகிழ்வோர் கறைபடாமற் பார்த்துக்கொள்வர். அதே அக்கறை முகத்துக்கும் உரியது. கழுவினாற் போகக்கூடியதைப் பூசுவது அலங்காரம். கழுவினாலும் போகாததைப் பூசுவது அமானிதத்தில் கைவைப்பது. மருதோன்றி சில நாளில் மங்கும். மை ஒரு பஞ்சுத் துண்டில் வந்துவிடும். பெண்கள் அவற்றை ஆசை தீர அணியட்டும்.

அன்று தொடக்கம் ராத்தா ஒரு நியமத்தைக் கைக்கொண்டுள்ளார். எந்த மணமகளுக்கும், முதலில் முகத்திலிருப்பதை முழுதும் எடுத்து, வெளிச்சத்திற் பார்த்த பின்னரே எதையும் இடுவார். வெறும் முகத்தைக் காட்ட மறுப்போருக்கு, அவரும் நாட் கொடுக்க மறுப்பார். கூலி பேசும்போது, இரவிற் களைந்துவிடும் கூலியும் அதற்குள் அடக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவார். சில தாய்மார், அதனைக் கழித்துவிட்டு மிகுதியைச் சொல்லுங்கள் என்று கேட்பதுண்டு. அந்த ஒன்றை மட்டும் அவர் கழிப்பதில்லை.